பால் ஊற்றிய பின் வந்த வண்டி

வேணியின் கையில் வளையல் கிடையாது. கல்யாணமாகிக் குழந்தையும் உள்ள பெண் மொட்டைக் கையோடு திரிவது அவள் மாமியார் அம்மணிக்குப் பிடிக்கவே பிடிக்காது. "மூளிக் கையோட எந்த வூட்டுப் பொம்பள வேலைக்குப் போறா?" என்று வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி கேட்பாள். வேணி சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஆம்புலன்ஸில் சேர்ந்த புதிதில் ஒரு மனிதரின் நெஞ்சை அமுக்கும்போது கண்ணாடி வளையல் நொறுங்கி, அவர் சட்டைக்குள்ளும் இவள் மணிக்கட்டிலும் குத்திவிட்டது. அன்றைக்குக் கழற்றியவள்தான். தாலியையும் சீருடைச் சட்டைக்குள் ஊக்கு போட்டு மாட்டியிருப்பாள்.

திண்டிவனம் அரசுக் கல்லூரியில் விலங்கியல் படித்தவள். படித்துவிட்டு அதே ஊரில் ஒரு மருந்துக் கடையில் நின்று, தலைவலி மாத்திரையும் இருமல் மருந்தும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் ஓயாமல் எரிந்து விழுவார். ஒருநாள் அவர் கத்திக்கொண்டிருந்தபோதே வேணி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். ஆம்புலன்ஸுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தோழி சொல்ல, சென்னைக்குப் போய்ப் பயிற்சி எடுத்து, மயிலம் பக்கம் நிற்கும் வண்டிக்கு டெக்னீசியனாக வந்து சேர்ந்தாள். கணவன் மணிமாறன் விக்கிரவாண்டியில் நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றில் பரோட்டா மாஸ்டர். இருவருமே ஷிஃப்ட் வேலை. அவர்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது பொங்கல் தீபாவளி போல எப்போதாவது வரும்.

வேணி வேலை செய்தது சின்ன வண்டியில். ஜனங்களுக்குச் சின்ன வண்டி, பெரிய வண்டி வித்தியாசமெல்லாம் தெரியாது. இரண்டும் ஒரே நிறம், ஒரே சைரன். ஆனால் உள்ளே வேறு. சின்ன வண்டியில் ஆக்சிஜன் இருக்கும், காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் பை இருக்கும், வாயில் அடைத்ததை உறிஞ்சும் பம்ப் இருக்கும், நின்ற இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் பெட்டி இருக்கும். பெரிய வண்டியில் இவற்றோடு மூச்சுக்குழாய்க்குள் போடும் டியூப், இதயத்துக்கான ஊசி மருந்துகள், வென்டிலேட்டர் எல்லாம் உண்டு. அந்த வட்டாரத்துக்குப் பெரிய வண்டி திண்டிவனத்தில்தான் நிற்கும். சின்ன வண்டிக்காரர் நிலைமையைப் பார்த்துப் போனில் கேட்டால் அது கிளம்பி வரும்.

எப்போது கேட்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பயிற்சியில் இதை அவர்கள் காதில் ஓதோ ஓதென்று ஓதி அனுப்பியிருந்தார்கள். இதயம் நின்றுவிட்டது என்று தெரிந்தால் அந்தக் கணமே கேள். நம்மால் முடிகிறதா என்று பார்த்துவிட்டுக் கேட்கலாம் என்று இருக்காதே. இதயம் திரும்ப ஓடிவிட்டாலும் கேள், ஏனென்றால் ஒருமுறை நின்றது மறுபடியும் நிற்கும். வேணிக்கு இதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

தெரிந்து என்ன? மாசியில் ஒருநாள் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆள் விழுந்துவிட்டார் என்று ஓடினாள். நாடி கைக்குத் தட்டுப்படவில்லை. உடனே பெரிய வண்டியைக் கேட்டாள். அது அலறிக்கொண்டு வந்து சேர்வதற்குள் அந்த ஆள் எழுந்து உட்கார்ந்து, "பந்தி முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார். காலையிலிருந்து குடித்திருந்தாராம். அதே நேரத்தில் ஒலக்கூர் பக்கம் விபத்தில் அடிபட்ட ஒரு பிள்ளைக்குப் பெரிய வண்டி தேவைப்பட்டு, தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனாலும் வேணிக்கு அன்று பெயர் விழுந்துவிட்டது. மற்ற வண்டிக்காரர்கள் அவளைக் கண்டால், "இன்னா பெரிய வண்டி வேணி, இன்னிக்கு யாருக்குப் பந்தி?" என்பார்கள். விளையாட்டுக்குச் சொன்னார்களாம். இந்த விளையாட்டுக்காரர்களைக் கட்டிவைத்து உதைத்தாலும் தகும். மனிதர்களுக்கு எதில்தான் விளையாடுவது என்று ஒரு வரைமுறை வேண்டாமா? வேணியும் சிரித்துக்கொண்டுதான் போனாள். ஆனால் அந்தச் சொல் அவளுக்குள் எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது.

பங்குனியில் ஒரு பௌர்ணமி. திருவக்கரைக் கோயிலுக்குப் போகிற ஜனம் காலையிலிருந்தே சாலையை அடைத்திருந்தது. அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அழைப்பு. வயது ஐம்பத்தைந்து இருக்கும், வயலில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, ஆய்ந்துகொண்டிருந்த இடத்தில் மயக்கம் போட்டு விழுந்துவிட்டார், மூச்சு இழுத்துக்கொண்டு இருக்கிறது என்றார்கள். மூச்சு இருக்கிறது என்றால் இதயம் ஓடுகிறது என்றுதானே அர்த்தம்? அதனால் சின்ன வண்டி மட்டும் கிளம்பியது. வண்டி ஓட்டும் ஆரோக்கியராஜ் வேணிக்கு அண்ணன் மாதிரி. அதிகம் பேசமாட்டார், ஹாரனை மட்டும் வஞ்சனையில்லாமல் அடிப்பார்.

"மூச்சி இழுக்குதுன்னா எப்டி இழுக்குதாம், கேட்டியா?" என்றார்.

"போன எடுத்தவங்க சொல்லலண்ணே. நீங்க ஜல்தி போங்க."

அந்த இழுப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இதயம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் வாய் திறந்து மூடும். கரையில் போட்ட மீனின் வாயைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். அது மூச்சே அல்ல. ஆனால் பார்க்கிறவர்களுக்கு மூச்சு மாதிரி தெரியும். நம் ஊர்களில் அதற்கு ஒரு அர்த்தம் வைத்திருக்கிறார்கள். உயிர் பிரிய முடியாமல் இழுத்துக்கொண்டு கிடக்கிறது, பால் ஊற்றினால் நிம்மதியாகப் போகும் என்பார்கள். மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்த கிழவருக்கு அது சரியாகக்கூட இருக்கலாம். வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர் திடீரென்று விழுந்தால் அவருக்கும் அதே பாலா?

வண்டி போய் நின்றபோது வீட்டு வாசலில் கூட்டம். பெரியதம்பி என்ற அந்த மனிதரைக் கோரைப்பாயில், தெற்கே தலை வைத்துப் படுக்கப் போட்டிருந்தார்கள். உறவுக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் பால் ஸ்பூன் போய்க்கொண்டிருந்தது. கல்லூரியில் படிக்கும் அவர் மகள் கலைப்பிரியாவை இரண்டு பெண்கள் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் திமிறினாள்.

"அக்கா, காலேஜ்ல நெஞ்ச அமுக்கக் கத்துக்குடுத்தாங்கக்கா. அமுக்கிக்கினுதான் இருந்தேன். என்ன இழுத்துட்டாங்கக்கா!"

"அப்பன் நெஞ்சு மேல ஏறி எலும்ப ஒடைக்கிறா. போற உசுர நிம்மதியா போவவுடாம" என்றார் பால் ஸ்பூனோடு நின்ற பெரியவர் வெங்கடாசலம். பெரியதம்பியின் பங்காளி அவர்.

"எல்லாரும் தள்ளுங்க!" என்று வேணி போட்ட சத்தத்தில் ஸ்பூன் கீழே விழுந்தது.

கழுத்தில் விரல் வைத்தாள். இல்லை. முழங்காலிட்டு அமுக்க ஆரம்பித்தாள். ஆரோக்கியராஜ் ஷாக் பெட்டியைத் திறந்து அதன் பட்டைகளை நெஞ்சில் ஒட்டினார். பெட்டி ஷாக் கொடுக்கச் சொன்னது, கொடுத்தார்கள். மறுபடி அமுக்கல். பையை முகத்தில் வைத்துக் காற்றை அனுப்பினால் உள்ளே போகாமல் களகளவென்று சத்தம். வாயைத் திருப்பிப் பார்த்தாள். பால். உறிஞ்சும் பம்பை விட்டு எடுத்தாள், வந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி வந்தது. ஒரு ஸ்பூன் இரண்டு ஸ்பூன் பால் அல்ல அது.

பெரிய வண்டியைக் கேட்க வேண்டிய இடம் இதுதான். இதயம் நின்றிருக்கிறது, மூச்சுப்பாதையில் பால் நிற்கிறது, டியூப் போட்டால் ஒழிய இந்தப் பாதை திறக்காது. வேணிக்குத் தெரியும். போன் சட்டைப் பையில்தான் இருந்தது. கை அதை நோக்கிப் போனது. அந்த நேரம் பார்த்துப் பெட்டி மறுபடி ஷாக் கொடுக்கச் சொன்னது, கொடுத்தார்கள். பெரியதம்பியின் கழுத்தில் நாடி வந்துவிட்டது.

"வந்துடுச்சி! அண்ணே, வந்துடுச்சி!"

கூட்டத்தில் பெண்கள் குலவையிடாத குறை. யாரோ வேணியின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். ஆரோக்கியராஜ் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டே, "திண்டிவனத்துக்குச் சொல்லிட்டியா?" என்றார்.

வேணி ஒரு நொடி யோசித்தாள். பெரிய வண்டி வந்து சேரும்போது இந்த மனிதரும் எழுந்து உட்கார்ந்துவிட்டால்? திருவக்கரைக் கூட்டத்தில் யாருக்காவது அது தேவைப்பட்டால்? "நாடி நல்லா இருக்குதுண்ணே. முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்கே நேரா போய்டலாம், வண்டிய எடுங்க" என்றாள்.

அவ்வளவுதான். அவள் செய்த தவறு இந்த ஒரு வாக்கியம்தான். சோம்பலால் சொல்லவில்லை, தெரியாமலும் சொல்லவில்லை. பந்தி கேட்ட குடிகாரனும் பெயர் வைத்த கூட்டமும் சேர்ந்து அவள் வாயால் சொல்ல வைத்தார்கள். ஆனால் வாய் அவளுடையதுதானே? அதை அவளே பிறகு எத்தனையோ தரம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கலைப்பிரியா வண்டியில் ஏறிக்கொண்டாள். பெரியதம்பியின் மனைவி அஞ்சம்மாள் ஏற வந்தபோது உள்ளே இடம் இல்லை. அழுதுகொண்டிருந்தவளை வெங்கடாசலம் தன் மோட்டார் பைக்கில் உட்கார வைத்துப் பின்னாலேயே கூட்டிவந்தார். சாலை முழுக்கக் கோயில் ஜனம். எலுமிச்சை மாலையோடும் குங்குமத் தட்டோடும் நடுச்சாலையில் நடந்தார்கள். ஆரோக்கியராஜ் ஹாரனை அடித்த அடியில் ஒதுங்கினார்கள், ஒதுங்கிய இடத்திலேயே மறுபடி மூடிக்கொண்டார்கள்.

மயிலத்தை எட்டுவதற்கு முன்பே நாடி போய்விட்டது.

வேணி அமுக்கினாள். ஓடும் வண்டியில், குலுங்கும் குலுக்கலில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அமுக்குவது அமுக்கலே அல்ல. பெட்டி இந்த முறை ஷாக் வேண்டாம் என்றது. பை காற்றை உள்ளே தள்ளவே இல்லை. பால் மூக்கு வழியாகவும் வந்தது. "அண்ணே, நிறுத்துங்க! ஓரமா நிறுத்திட்டுப் பின்னாடி வாங்க!" என்றாள். போனை எடுத்துப் பெரிய வண்டியைக் கேட்டாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

புளியமரத்து நிழலில் வண்டி நின்றது. வேணியும் ஆரோக்கியராஜும் மாறி மாறி அமுக்கினார்கள். பைக் வந்து நின்றது. அஞ்சம்மாள் இறங்கி ஓடி வந்தாள்.

"ஏம்மா நிறுத்திட்டீங்க? ஆஸ்பத்திரிக்குப் போவலியா? இங்க இன்னாத்துக்கு நிக்கிறீங்க?"

"பெரிய வண்டி வந்துக்கினு இருக்குதுமா. அதுலதான் டியூப் இருக்குது" என்றாள் வேணி, அமுக்குவதை நிறுத்தாமல்.

"அத மொதல்லியே இட்டாரக் கூடாதா?"

அஞ்சம்மாள் ஆத்திரத்தில் கேட்டாள், அவ்வளவுதான். பதில் எதிர்பார்க்கவில்லை. வேணியும் சொல்லவில்லை.

பெரிய வண்டியில் வந்தவர் ஜகபர் சாதிக். கோட்டக்குப்பத்துக்காரர், வேணிக்கு முந்தைய பேட்ச். இறங்கியவுடன் வேறெதையும் கேட்காமல் டியூபைப் போட்டார். டியூபிலும் பால் ஏறியது, உறிஞ்சி எடுத்தார். ஊசி போட்டார். அமுக்கினார்கள், மறுபடி ஊசி. வேணியின் கை மரத்துப்போயிருந்தது. கடைசியில் நாடி வந்தது. இந்த முறை யாரும் சத்தம் போடவில்லை.

பெரியதம்பியைப் பெரிய வண்டிக்கு மாற்றும்போது சாதிக் தணிந்த குரலில் சொன்னார்: "ஊர்ல இருக்கும்போதே சொல்லியிருந்தா ஊருக்கே வந்திருப்பேன், வேணி."

குற்றமாகச் சொல்லவில்லை அவர். தங்கமான மனுஷன். அதனால்தான் அது நெஞ்சில் தைத்தது.

பெரியதம்பி நான்கைந்து நாள் வென்டிலேட்டரில் இருந்தார். கண் திறக்கவில்லை. நுரையீரலில் போன பால் சீழ் பிடித்துவிட்டது என்றும், காற்று இல்லாமல் இருந்த நேரத்தில் மூளையும் அடிபட்டுவிட்டது என்றும் மருத்துவர் கலைப்பிரியாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இரண்டில் எது கொன்றது என்று கேட்டால் அவராலும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. அவர் இறந்த செய்தி வந்தபோது வேணி வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த குழாயை அப்படியே போட்டுவிட்டு வண்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆரோக்கியராஜ் வந்து குழாயை மூடினார்.

கருமாதி முடிந்த பிறகு ஒருநாள் காலையில் அஞ்சம்மாள் வண்டி நிற்கும் இடத்துக்கே வந்துவிட்டாள். கலைப்பிரியாவும் கூட வந்திருந்தாள். அஞ்சம்மாளை வேணிக்கு அடையாளமே தெரியவில்லை. அன்றைக்குப் பார்த்த உடம்பு எங்கே போனது? ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவியது. உதடு வெடித்திருந்தது.

"உக்காருங்கம்மா" என்று வேணி நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஆரோக்கியராஜ் டீ வாங்கி வந்தார். டம்ளரைப் பார்த்ததும் அஞ்சம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கலைப்பிரியா டம்ளரை வாங்கித் தூர வைத்துவிட்டு, அம்மாவுக்குப் பின்னால் நின்று வேணியைப் பார்த்தாள்.

"ஒன்னு கேக்கணும், அதான் வந்தேன்" என்றாள் அஞ்சம்மாள்.

"கேளுங்கம்மா."

"எல்லாரும் ஒரு ஸ்பூனுதான் ஊத்துனாங்க. நான்தான் டம்ளரோட ஊத்துனேன். வெயில்ல காலையில இருந்து மல்லாட்ட ஆஞ்சிக்கினு இருந்தாரு. தண்ணி கேட்டாரு. தோ எடுத்தாரேன்னு சொல்லிட்டு நான் வேற வேலையில இருந்துட்டேன். அதுக்குள்ள விழுந்துட்டாரு. நாக்கு வறண்டு போவக்கூடாதேன்னு முழுசா ஊத்திட்டேன்." அவள் குரல் உடையவில்லை. எத்தனையோ தரம் தனக்குள் சொல்லிப் பழகிய குரல் அது. "ஆஸ்பத்திரில வார்டுல ஒரு பொம்பள சொல்லிச்சி, பாலு ஊத்துனாங்களே அதான் ஆள எடுத்துடுச்சின்னு. இந்தப் பொண்ணக் கேட்டா அதெல்லாம் இல்லம்மாங்குது. பொண்ணு வேற இன்னா சொல்லும்? நீ கூடவே இருந்தவ. நீ சொல்லு. நான் ஊத்துன பாலுதான் அவரக் கொன்னுச்சா?"

கலைப்பிரியாவின் கண்கள் கெஞ்சின. அந்தப் பெண் கெஞ்சியே இருக்க வேண்டாம். அஞ்சம்மாளின் முகத்தைப் பார்த்த யாருக்கும் தெரியும், ஆமாம் என்று சொன்னால் இந்த மனுஷி இன்னொரு பௌர்ணமியைப் பார்க்கமாட்டாள் என்று. இல்லை என்று மட்டும் சொன்னாலும் நம்பமாட்டாள். ஆறுதலுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்து, மறுபடி வீட்டுக்குப் போய் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யாரோ ஒருவர் கொன்றாக வேண்டும் அவளுக்கு.

வேணி எழுந்து நின்றாள்.

"பாலு இல்லம்மா. அத நான் பம்ப் வெச்சி எல்லாத்தையும் எடுத்துட்டேன். நாடிகூட வந்துச்சே, நீங்களே பாத்தீங்க இல்ல?"

"பாத்தேன்."

"நான்தாம்மா தப்பு பண்ணிட்டேன். திண்டிவனத்து வண்டிய நான் உங்க வூட்டு வாசல்லயே கூப்ட்டிருக்கணும். கூப்டல. வழியிலதான் கூப்ட்டேன். ஆரம்பத்துலயே கூப்ட்டிருந்தா பொழச்சிருப்பாரு."

ஆரோக்கியராஜ் சட்டென்று திரும்பி, "வேணிம்மா, இன்னா பேசற நீ?" என்றார். வேணி அவரைப் பார்க்கவில்லை.

புளியமரத்தடியில் நின்ற வண்டி, வராத பெரிய வண்டி, தான் கேட்ட கேள்வி எல்லாம் அஞ்சம்மாளின் மனதில் ஒவ்வொன்றாக வந்து பொருந்தியிருக்க வேண்டும். மெல்ல எழுந்தாள். இத்தனை நாளும் வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது.

"அடிப் பாவி! அத மொதல்லியே இட்டாரக் கூடாதான்னு நான் கேட்டேனே! வாயத் தொறந்தியா நீ? என் ஊட்டுக்காரர ரோட்டுல போட்டு சாவடிச்சிட்டியேடி! நீ நல்லா இருப்பியா? உன் தாலி நெலைக்குமா? உன் கை வெளங்குமா?" குனிந்து ஒரு பிடி மண்ணை வாரி வேணியின் மேல் இறைத்தாள். மண் சட்டையிலும் தலையிலும் விழுந்தது. டீக்கடையில் நின்றவர்கள் ஓடி வந்தார்கள். வேணி முகத்தைக்கூடத் துடைக்காமல் நின்றாள். கலைப்பிரியா அம்மாவைக் கட்டிப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாதே என்பது போல வேணி லேசாகத் தலையசைத்தாள்.

வெங்கடாசலம் மனு எழுதிப் போட்டார். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வேணி நடந்ததை நடந்தபடி சொன்னாள். பால் பற்றிக் கேட்டதற்கும் உள்ளதைச் சொன்னாள், வீட்டாருக்கு மட்டும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். எச்சரித்து, திண்டிவனத்தில் இன்னொரு சின்ன வண்டிக்கு மாற்றினார்கள்.

விஷயம் மணிமாறனுக்கு ஓட்டலில் யார் மூலமாகவோ எட்டியது. வீட்டுக்கு வந்தவன் மாவு ஒட்டிய கையைக்கூடக் கழுவாமல் கேட்டான்.

"பாலுதான்னு கேக்குற யாருக்கும் தெரியும். நீ ஏன் உன் தலையில போட்டுக்கின? தாலி நெலைக்குமான்னு சாபம் குடுத்துச்சாமே அது. எங்கம்மா காதுல வுழுந்தா பேஜாராயிடும்."

"பாலும்தாங்க. நானும்தான்."

"எது எவ்வளவுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதான் முழுசா வாங்கிக்கினு வந்துட்டேன்."

மணிமாறன் ஓட்டலிலிருந்து கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தான். வேணி பாதிதான் சாப்பிட்டாள்.

சொன்னது பொய்யா மெய்யா என்று அவளுக்கே தெரியாததுதான் அவளைப் படுத்தியது. முழுப் பொய்யாக இருந்தால் ஒரு நல்ல காரியம் செய்தோம் என்று தூங்கியிருப்பாள். முழு உண்மையாக இருந்தால் தண்டனை என்று ஏற்றுக்கொண்டிருப்பாள். திண்டிவனத்துக்குப் போன பிறகு, இதயம் நின்றிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே போதும், வண்டியை விட்டு இறங்கும் முன்பே பெரிய வண்டியைக் கேட்டுவிடுவாள். சில நேரம் அது வீணாக வந்து திரும்பிப் போகும். சாதிக் ஒருபோதும் முகம் சுளித்ததில்லை. இரண்டொரு பேர் அவளால் பிழைத்துக்கொண்டார்கள். அவர்கள் இனிப்பு கொண்டுவந்து கொடுத்தபோது வாங்கிக்கொண்டாள், ஆனால் அந்தச் சந்தோஷம் அவளுக்கு ஒட்டவில்லை.

ஆடி முடிகிற சமயத்தில் திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு வெளியே, வண்டிக்குப் பக்கத்தில் வந்து ஒரு பெண் நின்றாள். கலைப்பிரியா. தோளில் கல்லூரிப் பை. வேணி இறங்கினாள்.

"அம்மா எப்டி இருக்காங்க?" என்றாள் வேணி.

"கொல்லிக்கு வேலைக்குப் போவுதுக்கா. போன வாரம் களையெடுக்கப் போச்சி."

"சாப்பிடுறாங்களா?"

கலைப்பிரியா தலை குனிந்தாள். "உங்கள அன்னிக்குப் பாக்க வர்றதுக்கு முன்னாடி அது ஒழுங்கா சாப்பிட்டே பத்து நாளுக்கு மேல இருக்கும்கா. தண்ணியக் குடுத்தாலும் பாதியத் துப்பிடும். அவருக்குக் குடுக்காத தண்ணி எனக்கு எதுக்குன்னும். இப்ப..." என்று நிறுத்தினாள். சொல்லலாமா என்று தயங்குவது தெரிந்தது.

"சொல்லு."

"இப்ப தெனம் உங்கள வாய்க்கு வந்தபடி திட்டுதுக்கா. உங்க வண்டி சத்தம் தூரத்துல கேட்டாக்கூடத் திட்டுது. மண்ண வாரித் தூத்துது. திட்டி முடிச்சிட்டு உக்காந்து சாப்பிடுது."

வேணி வண்டியின் பக்கவாட்டில் கையை ஊன்றிக்கொண்டாள். பேருந்து நிலையத்து இரைச்சலில், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, பெரியதம்பி செத்த அன்றிலிருந்து அழாத அழுகையை அழுதாள்.

"திட்டட்டும்" என்றாள். "நெறுத்தாம திட்டட்டும், நீ பாத்துக்க."